சிஸ்டரம்மா பதில்கள்: பூசணிக்காயைக் கண்டு பயப்படாதீர்கள்

(மே 2021)

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அறுப்பின் பண்டிகையைப் பற்றித்தான், அதாவது விளைச்சலுக்கு நன்றி சொல்லிக் காய்கறியைக் கோவிலில் காணிக்கையாக வைக்கிற கிறிஸ்தவப் பண்டிகையைப் பற்றி. கொரோனா மூன்றாவது அலை வருவதற்குள் பண்டிகையை முடித்துவிட வேண்டும் என்று தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் பக்கத்து எல்லாச் சபைக்கும் அவசரம். நியாயமான அவசரம். அதனால் சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

போன வருடம் மே மாதம் கோவிலே பூட்டிக் கிடந்ததால் அறுப்பின் பண்டிகை இல்லை. இந்த வருடம் நடத்தலாம் என்று குருவானவர் சொல்லிவிட்டார். ஆனால் கமிட்டியில் சண்டை. காய்கறியே வேண்டாம், கவரில் பணம் போதும் என்கிறார் ஒருவர். காய்கறி வரட்டும், ஆனால் ஒவ்வொரு பூசணியையும் பிளீச் தண்ணீரில் துடைத்துத்தான் பீடத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
சபைச் செயலாளர், சாட்ஸ்வொர்த்

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை, தம்பி. முதலில் அந்தப் பிளீச் பாட்டிலைக் கழிப்பறைக்குத் திருப்பி அனுப்புங்கள். சாப்பிடும் பொருளில் பிளீச் படக்கூடாது. அமெரிக்காவில் போன வருடம் மே மாதம் மக்களிடம் கேட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் காய்கறி பழத்தைப் பிளீச் போட்டுக் கழுவியதாகச் சொன்னார்களாம். பயம் மனிதர்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். ஓடுகிற குழாய்த் தண்ணீரில் கழுவினால் போதும். அதையும் சமைக்கிறவர் வீட்டில் செய்துகொள்ளலாம்.

பொருளைத் தொட்டுக் கொரோனா வருவது மிக அபூர்வம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் இந்த ஏப்ரல் 5ஆம் தேதி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: தொட்ட இடத்திலிருந்து தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. ஆனால் நம் சபைகளில் இன்னும் பெஞ்சைத் துடைக்க ஒரு ஆள், கதவுக் கைப்பிடியைத் துடைக்க ஒரு ஆள். ஜன்னலைத் திறக்க மட்டும் ஆள் இல்லை.

விஷயம் காற்றில் இருக்கிறது. அடுப்பில் காய்ந்த மிளகாயைத் தாளித்தால் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறவர் தும்மாமல் இருப்பாரா? கதவு சாத்தியிருந்தால் மாடியில் இருக்கிறவரும் சேர்ந்து இருமுவார். நோயாளி விடும் மூச்சும் அப்படித்தான் அறை முழுக்கப் பரவி நிற்கிறது. நான் காசநோய் வார்டில் வேலை பார்த்தவள். அங்கே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், குளிரானாலும் ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பது. மினிபஸ் டாக்ஸியில்கூட இரண்டு பக்க ஜன்னலும் 5 சென்டிமீட்டராவது திறந்திருக்க வேண்டும் என்று போன ஜூலையில் விதி போட்டார்கள். கோவிலுக்கு அந்தப் புத்தி வேண்டாமா? ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, வாசலில் நெற்றிக்கு நேரே தெர்மாமீட்டரை நீட்டுகிறோம்.

அதனால் நான் சொல்வது, கோவில் வளாகத்தில், வானத்துக்குக் கீழே நடத்துங்கள். டர்பனில் மே, ஜூன் மழை குறைந்த மாதங்கள். வெயிலும் கொளுத்தாது. காலை ஒன்பது மணிக்கு வெளியே நாற்காலி போட்டால் தாத்தா ஆயாக்களுக்கும் இதமாக இருக்கும். குடும்பம் குடும்பமாக உட்காரட்டும், குடும்பத்துக்குக் குடும்பம் இடைவெளி இருக்கட்டும். முக்கால் மணி நேரத்தில் முடியுங்கள். பிரசங்கம் நீளக்கூடாது என்று குருவானவரிடம் யார் சொல்வது என்பது உங்கள் கமிட்டியின் பாடு. மார்ச் 30ஆம் தேதி அதிபர் அறிவித்த கணக்குப்படி உள்ளே 250 பேர், வெளியே 500 பேர் வரை. இடம் சிறியது என்றால் அதன் கொள்ளளவில் பாதி. உங்கள் சபைக்கு 500 பெரிய எண்தான். ஆனாலும் விதி எப்போது வேண்டுமானாலும் மாறும். போன டிசம்பர் 28ஆம் தேதி இரவு ஒரே அறிவிப்பில் புத்தாண்டுக்கு முந்தின இரவு வாட்ச்நைட் ஆராதனையே போனது மறந்திருக்காது. பண்டிகைக்கு முந்தின நாள் ஒருமுறை செய்தியைப் பாருங்கள்.

வெளியே ஆராதனை நடத்துவது மரியாதைக் குறைவு என்று யாராவது முகத்தைச் சுளித்தால், இங்கிலாந்தில் ஈம் என்ற கிராமத்தின் கதையைச் சொல்லுங்கள். 1665இல் அங்கே கொள்ளைநோய் புகுந்தது. குருவானவர் வில்லியம் மொம்பஸன் கோவிலைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு பள்ளத்தாக்கில் ஆராதனை நடத்தினார். ஜனங்கள் குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். நோய் வெளியூருக்குப் போகக்கூடாது என்று ஊரே தன்னைத்தானே அடைத்துக்கொண்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லையில் சாப்பாட்டுச் சாமானை வைத்துவிட்டுப் போவார்கள். இவர்கள் எல்லைக் கல்லில் இருந்த குழிகளில் வினிகரை ஊற்றி, அதில் காசைப் போட்டு வைப்பார்கள். கிருமி என்றால் என்ன என்றே தெரியாத காலம் அது.

காணிக்கையாக வருகிற காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். கேட்டுக்கு உள்ளே நீளமாக இரண்டு மேஜை, நாலைந்து இளைஞர்கள், எல்லோருக்கும் மாஸ்க். வருகிறவர் காரிலிருந்து இறக்கி வைத்துவிட்டுப் போய்விடட்டும். பூசணி, பட்டர்நட், மடும்பிக் கிழங்கு, மீலி (சோளம்), கரும்புக் கட்டு எல்லாம் வரட்டும். ஞாயிறு காலை அலங்காரம் தயாராக இருக்கும், கூட்டமாகக் கூடி அடுக்க வேண்டியதில்லை. வர முடியாத வயதானவர்களின் காணிக்கையைப் பேரப்பிள்ளைகள் கொண்டுவரலாம். பணக் கவர் மட்டும் போதும் என்கிறவருக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: கவரைப் பார்த்து எந்தக் குழந்தையும் வாயைப் பிளக்காது.

மாஸ்க் போட்டுக்கொண்டு எப்படிப் பாடுவது? எங்கள் கொயரில் இருபது பேர். எல்லோரும் சானிடைசர் போடுகிறோம், கை கொடுப்பதில்லை. இது போதாதா?
ஒரு சோப்ரானோ, ஃபீனிக்ஸ்

போதாது, கண்ணு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மவுண்ட் வெர்னன் என்ற ஊரில் இதையேதான் செய்தார்கள். 2020 மார்ச் 10ஆம் தேதி ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. கட்டித் தழுவவில்லை, சானிடைசரும் இருந்தது. வந்தவர்கள் 61 பேர். அதில் 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்துபோனார்கள். அன்று ஒருவருக்கு மட்டும் ஜலதோஷம் மாதிரி இருந்திருக்கிறது. அவரும் பாடினார்.

பேசும்போது விடுகிற மூச்சைவிடப் பாடும்போது விடுகிற மூச்சு வேகம், அளவும் அதிகம். ஆகவே வெளியே நின்று பாடுங்கள். நாலு பேர் மாஸ்க்கோடு பாடட்டும், மற்றவர்கள் மனதுக்குள் பாடட்டும், பாட்டு இரண்டுக்கு மேல் வேண்டாம். கீபோர்டும் மிருதங்கமும் யாருக்கும் நோய் தராது. மாஸ்க்கோடு பாடினால் உச்ச ஸ்தாயி சரியாக வராது என்பது எனக்கும் தெரியும். வராவிட்டால் போகட்டும்.

என் கணவர் ஹோட்டலில் வேலை பார்த்தார். போன வருட லாக்டவுனில் வேலை போய்விட்டது. அறுப்பின் பண்டிகையன்று யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எங்கள் சபையில் பெயரோடு வாசிப்பார்கள். முன்பெல்லாம் எங்கள் பெயர் மேலே வரும். இந்த வருடமும் விட்டுக்கொடுக்கக் கூடாது, கடன் வாங்கியாவது கொடுத்துவிடலாம் என்கிறார். இப்போது வீட்டுக்கு வருமானம் மாமியாரின் பென்ஷன் மட்டும்தான்.
பெயர் வேண்டாம், மெரபேங்க்

கடன் வாங்காதீர்கள், மகளே. உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தை அப்படியே காட்டுங்கள்.

முதியோர் பென்ஷன் இந்த ஏப்ரலில் இருந்து 1,890 ராண்ட். அதில் நாலு வயிறு. வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்துவந்த 350 ராண்டும் ஏப்ரலோடு நின்றுவிட்டது. இந்த நிலையில் மஷோனிசாவிடம், அதான் கந்துவட்டிக்காரரிடம் போனால், மாதத்துக்கு நூற்றுக்கு முப்பது வட்டி கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஐநூறு ராண்ட் வாங்கினால் அடுத்த மாதம் அறுநூற்றைம்பது. பென்ஷன் கார்டையே பிடுங்கி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அப்படி வாங்கிப் போடுகிற பணத்தில் உங்கள் மாமியாரின் மருந்தும் பிள்ளைகளின் ரொட்டியும் சேர்ந்துதான் காணிக்கைப் பையில் விழும். அதை எந்தக் கடவுளும் கேட்கவில்லை.

நீங்கள் ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்று நினைத்தால், பின்கட்டில் கறிவேப்பிலை மரம் இருக்குமே? மெரபேங்க்கில் அது இல்லாத வீட்டை நான் பார்த்ததில்லை. கட்டுக் கட்டாக ஒடித்துக் கொண்டுபோங்கள். இல்லாதவர்களுக்குக் கட்டுகிற சாமான் மூட்டை, அதான் ஹேம்பர், ஒவ்வொன்றிலும் ஒரு கொத்து போடலாம். உங்கள் கணவர் ஹோட்டல்காரர், நூறு பேருக்கு மூட்டை கட்டச் சொன்னால் கமிட்டியைவிட அழகாகக் கட்டுவார். சனிக்கிழமை அவரை அனுப்புங்கள்.

இனி, அந்தச் சபையின் மூப்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பெயரையும் தொகையையும் வாசிக்கிற பழக்கத்தை இந்த வருடமாவது நிறுத்துங்கள், ஐயா. கோவில் கட்டின காலத்தில் அதற்கு ஒரு காரணம் இருந்திருக்கலாம். கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்றால் மொத்தத் தொகையை வாசியுங்கள், செலவைப் பலகையில் ஒட்டுங்கள். ஆராதனைக்கு வரவே வெட்கப்பட்டு வீட்டில் இருக்கிற குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியாது. அவர்கள் உங்களுக்குக் கடிதம் எழுத மாட்டார்கள். எனக்கு எழுதுகிறார்கள்.

அறுவடையைப் பற்றி வேதத்தில் இருக்கிற சட்டமே கொடுக்கிறவனின் பெயரைப் பற்றியது இல்லை. வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காதே, சிந்தின கதிரைப் பொறுக்காதே, அது ஏழைக்கும் பரதேசிக்கும் என்று லேவியராகமம் 23ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏழை விதவை ரூத் கதிர் பொறுக்க வந்த கதையில் நிலக்காரர் போவாஸ் ஒரு படி மேலே போகிறார். கட்டிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களை உருவிப் போடுங்கள், அவள் பொறுக்கிக்கொள்ளட்டும், அவளை அதட்டாதீர்கள் என்று ஆட்களிடம் சொல்லிவைக்கிறார். அவளுக்கு உதவி செய்தாகவும் வேண்டும், அவள் தலை குனியவும் கூடாது. நம் ஹேம்பர் வேலைக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியவில்லை.

செய்முறையும் சுலபம். சனிக்கிழமை காய்கறி வாங்குகிற அதே மேஜையில், அதே நேரத்தில், கட்டிவைத்த ஹேம்பரும் இருக்கட்டும். வைக்க வருகிறவரும் கார் நிறுத்துவார், எடுக்க வருகிறவரும் கார் நிறுத்துவார், தெருவில் போகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. பெயர் எழுத வேண்டாம். கையில் கொடுத்துப் போட்டோ எடுக்கவே வேண்டாம். இரண்டு வீட்டுக்காரர்கள் இரண்டு முறை எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும்.

ஹேம்பரில் என்ன வைப்பது? காணிக்கைப் பணம் நிறைய நாள் ஓட வேண்டும் என்றால் வாட் வரி இல்லாத சாமான்களாகப் பாருங்கள்: அரிசி, பருப்பு, மீலி மீல் (சோள மாவு), சாம்ப் (உடைத்த சோளம்), உலர்ந்த பீன்ஸ், சமையல் எண்ணெய், முட்டை, பால் பவுடர், அப்புறம் பில்சர்ட் டின் மீன். மற்ற சாமானுக்கு 15 சதவீதம் வரி போகிறது. இவற்றுக்கு இல்லை. டின் மீன் குழம்பு பிடிக்காத டர்பன் வீடு ஏது? காய்கறிக்கும் பழத்துக்கும் வரி கிடையாது, அவை உங்கள் பீடத்தின் முன்னாலேயே குவிந்திருக்கும். சானிட்டரி பேடுக்கும் 2019 ஏப்ரலில் இருந்து வாட் இல்லை. ஆண்கள் மட்டும் இருக்கிற கமிட்டிக்கு இது ஞாபகம் வராது என்பதால் தனியாகச் சொல்கிறேன்.

மிஞ்சினால் டர்பன் நகரத்துக்குள் இமானுவேல் கதீட்ரலை ஒட்டி டெனிஸ் ஹர்லி சென்டர் இருக்கிறது. வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு போடுகிறார்கள். முன்கூட்டியே போன் செய்துவிட்டுக் கொண்டுபோங்கள். அறுத்துவைத்த பூசணியை மட்டும் தர வேண்டாம்.

ஏலம் இல்லாமல் அறுப்பின் பண்டிகையா? காணிக்கைப் பொருளை வாட்ஸ்அப்பில் ஏலம் விடலாமா?
முன்னாள் ஏலக்காரர், டொங்காட்

விடலாம், ஐயா. போட்டோவைப் போட்டு, மணி குறித்து, கடைசித் தொகை யாருடையதோ அவருக்கு. கூட்டம் சேர்ந்து கத்துகிற ஏலம் இந்த வருடம் வேண்டவே வேண்டாம், கொயருக்குச் சொன்ன காரணமே இதற்கும். ஒரு முட்டையை நானூறு ராண்டுக்கு ஏற்றிவிடுகிற உங்கள் குரல் வாட்ஸ்அப்பில் வராதுதான். குரல் பதிவு அனுப்புங்களேன். ஆனால் பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை குரூப்பில் ஒரே ஒருவர் மட்டும் போடட்டும். "கணக்கு மாறிவிட்டது" என்று புது எண் வந்தால் பொருளாளரை நேரில் கூப்பிட்டுக் கேட்காமல் யாரும் ஒரு சென்ட்கூட அனுப்பக்கூடாது.

சபைக்குக் கொடுத்த காணிக்கைக்கு வருமான வரியில் கழிவு கிடைக்குமா? 18ஏ ரசீது கேட்டால் பொருளாளர் முழிக்கிறார்.
ஒரு கணக்காளர், அம்ஷ்லாங்கா

கணக்காளரே என்னிடம் கேட்கிறீர்களே! கிடைக்காது. சபைக்கு வரிவிலக்கு இருக்கலாம், ஆனால் வழிபாட்டுக்காகக் கொடுக்கிற பணத்துக்கு 18ஏ பொருந்தாது. பசி ஆற்றுவது போன்ற நலப்பணிக்கென்று தனியாக அனுமதி வாங்கிய அமைப்பிடம் கொடுத்தால் ரசீது கிடைக்கும். பொருளாளரை விட்டுவிடுங்கள்.

நாம் என்ன விவசாயிகளா? எல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கி, அதையே கோவிலில் அடுக்குகிறோம். அதுவும் உலகம் முழுக்க அக்டோபரில் கொண்டாடுகிறார்கள், நாம் மே மாதத்தில். எனக்கு இது நாடகமாகத் தெரிகிறது.
இருபத்திரண்டு வயது, ரிசர்வாயர் ஹில்ஸ்

தைரியமான கடிதம், பிடித்திருக்கிறது. மாதத்தை முதலில் முடித்துவிடுவோம். அக்டோபர் இங்கிலாந்தின் கணக்கு. கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர் என்ற குருவானவர் 1843 அக்டோபர் 1ஆம் தேதி நடத்திய ஆராதனையிலிருந்துதான் இப்போதைய வடிவம் வந்தது என்பார்கள். அங்கே அது இலையுதிர் காலம். நமக்கு இலையுதிர் காலம் இப்போதுதான். பழைய ஏற்பாட்டின் கோதுமை அறுப்புப் பண்டிகைதான் பெந்தெகொஸ்தே நாள். அது இந்த வருடம் மே 23. எனவே நாம் ஒன்றும் ஊரைவிட்டுத் தனியாகப் போகவில்லை.

விவசாயிகளா என்று கேட்டாய். உன் பூட்டன் பூட்டி வெட்டினது கரும்பு. 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் டர்பனில் வந்து நின்றதிலிருந்து அந்த வேலைதான். முதல் வருடச் சம்பளம் மாதம் பத்து ஷில்லிங், மேலே அரிசி பருப்பு ரேஷன். அவர்கள் அறுத்த அறுப்பில் ஒரு கணுகூட அவர்களுடையது இல்லை, எல்லாம் எஸ்டேட் முதலாளிக்கு. ஒப்பந்தம் முடிந்தபின் குத்தகைக்குத் துண்டு நிலம் எடுத்து, காய்கறி போட்டு, விடிவதற்கு முன் டர்பன் சந்தைக்குத் தலையில் சுமந்து போனார்கள். முதல்முறையாகத் தன் சொந்தப் பூசணியைக் கோவிலில் கொண்டுபோய் வைத்தவளுக்கு அது நாடகமாக இருந்திருக்காது. உனக்கு நாடகமாகத் தெரிந்தால், சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்குப் போய், தன் தோட்டத்துக் கீரையை விற்கிற ஆயாவிடம் வாங்கிக் கொண்டுபோ. அவளுக்கும் இந்த வருடம் வியாபாரம் இல்லை.

திருவிருந்தில் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் குடிக்கலாமா? வெள்ளியில் கிருமி நிற்காது என்கிறார்களே.
வெருலம் வாசகர்

வேண்டாம். வெள்ளி ஒன்றும் மந்திரம் இல்லை. அப்பம் மட்டும் போதும். பல சபைகளில் போன வருடமே அப்படி மாற்றிவிட்டார்கள். கொடுக்கிறவர் கையைக் கழுவி, மாஸ்க் போட்டு, பேசாமல் கொடுக்கட்டும்.

எனக்கு 71 வயது. 17ஆம் தேதி ஆரம்பிக்கிற கொரோனாத் தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட பிறகு பண்டிகைக்குப் போகலாமா, அல்லது முன்பே போகலாமா? மகன் விடமாட்டேன் என்கிறான்.
ஸ்டாங்கர் ஆயா

ஆயா, 60 தாண்டியவர்களுக்கு 17ஆம் தேதி தொடங்குகிறது, ஆனால் பதிவு செய்திருந்தால்தான் எஸ்எம்எஸ் வரும். மகனைத் திட்டுவதற்கு முன்னால் அவனைப் பதிவு செய்துதரச் சொல்லுங்கள். ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, சில வாரம் ஆகும். பண்டிகை வெளியே நடந்தால் மாஸ்க்கோடு ஓரமாக நாற்காலி போட்டு உட்காரலாம். உள்ளே நடந்தால் இந்த வருடம் வீட்டிலிருந்து போனில் பாருங்கள். முடிந்ததும் வாசலில் கூடி அரட்டை அடிக்கிற அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் எப்படியும் நிற்காதீர்கள். மாஸ்க்கை எல்லோரும் தாடைக்கு இறக்குவது அப்போதுதான்.

எங்கள் கோவில் வாசலில் ரிஜிஸ்டரில் பெயரும் போன் நம்பரும் எழுதச் சொல்கிறார்கள். அதிலிருந்து நம்பரை எடுத்து, சபைக்காரர் ஒருவரே ஃபியூனரல் பாலிசி (அடக்கச் செலவுக்கான காப்பீடு) விற்கப் போன் செய்கிறார். இப்போது பாதிப் பேர் பொய் நம்பர் எழுதுகிறார்கள்.
வாசலில் நிற்கும் ஊழியர், ஐசிப்பிங்கோ

கொரோனா ரிஜிஸ்டரைப் பார்த்து ஃபியூனரல் பாலிசி விற்கிறாரா! ஆளுக்குத் துணிச்சல்தான்.

திறந்த நோட்டை எடுத்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு, மூடின பெட்டி, சாவி ஒரே ஒருவரிடம். யாருக்காவது நோய் வந்தால்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து எரித்துவிடுங்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதான் பொப்பியா, ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வருகிறது. ஒரு காரணத்துக்கு வாங்கிய நம்பரை வேறு காரியத்துக்கு எடுத்தால் சபைதான் பதில் சொல்ல வேண்டிவரும். இதை அந்தப் பாலிசிக்காரரிடம் மூப்பர் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லட்டும். சொன்ன பிறகு, சனிக்கிழமை மேஜைக்கு ஆள் குறைகிறது என்றால் அவரையே நிறுத்துங்கள். ஜனங்களிடம் பேசத் தெரிந்தவர்.